விளிம்பில் ஓர் உடைசல்: இங்கிலாந்து ஊர்க்கோயில்களின் பழைய ஞானஸ்நானத் தொட்டிகள்

வழிப்போக்கன்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வேலை விஷயமாக ஹெரிஃபோர்டுஷயர் பக்கம் போயிருந்தேன். ஒரு நாள் மதியம் ஓய்வு கிடைத்ததால் ஏர்டிஸ்லி என்ற சின்ன ஊருக்குப் போய், அங்குள்ள மகதலேனா மரியாள் தேவாலயத்தில் இருக்கும் கல் தொட்டியைப் பார்த்தேன். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தொட்டி. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் செதுக்கியது.

கிண்ணம் போன்ற வடிவம். சுற்றிலும் ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடவில்லை. ஒரு பக்கம் இரண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவன் கையில் ஈட்டி, மற்றவன் கையில் வாள். ஈட்டி வாள்காரன் தொடையில் குத்தி நிற்கிறது. இருவர் உடம்பிலும் உடையின் மடிப்புகள் கயிறு திரித்ததுபோல வரிவரியாக ஓடுகின்றன. ஆடையை இப்படியும் கல்லில் காட்டலாமா என்று வெகுநேரம் நின்று பார்த்தேன். இன்னொரு பக்கம் இயேசு ஒரு மனிதனின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். அந்த மனிதன் பின்னல் பின்னலாகப் போகும் கொடிகளுக்குள் சிக்கிக் கிடக்கிறான். பாதாளத்திலிருந்து ஆன்மாக்களை மீட்கும் காட்சி அது. அப்புறம் ஒரு பெரிய சிங்கம்.

இப்போது என் கேள்வி. திரும்பும் வழியில் இன்னொரு கிராமத்துக் கோயிலுக்குள்ளும் நுழைந்தேன். அங்கே இருந்தது செதுக்கு வேலை அதிகம் இல்லாத சாதாரண எட்டுப்பட்டைத் தொட்டி. ஆனால் அதன் மேல் விளிம்பில் ஒரு கை அகலத்துக்குக் கல் பெயர்ந்து போயிருந்தது. அந்த இடத்தில் வேறு கல்லை வைத்து ஒட்டியிருந்தார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "பியூரிட்டன்கள் உடைத்தது" என்றார். கோயிலில் சிலை, அலங்காரம் எதுவும் கூடாது என்ற அந்தக் காலத் தீவிரச் சீர்திருத்தக்காரர்களைச் சொல்கிறார். உடைக்க வந்தவர்கள் விளிம்பில் ஓர் இடத்தை மட்டும் உடைத்துவிட்டுப் போவார்களா? யாருக்காவது தெரியுமா?

சாம்பல்வானம்

பெரியவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். 1640களில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்தபோது தேவாலயங்களில் உடைக்காத பொருளே கிடையாது. சிலைகள், கண்ணாடி, பலிபீடத் தடுப்புகள், தொட்டிகள் எல்லாமே அடி வாங்கின.

நார்ஃபோக் தமிழச்சி

சாம்பல்வானம், பொதுவாக நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் விளிம்பில் மட்டும் இருக்கும் உடைசலுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு. வழிப்போக்கன் தம்பி, அதற்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பார்த்தீர்களா? அங்கேயும் ஒரு தழும்போ துளையோ இருந்ததா?

பத்து வருடமாக இந்த வட்டாரத்தில் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருக்கிறேன். தொட்டியைப் பார்த்ததும் சிற்பத்தை விட்டுவிட்டு முதலில் விளிம்பைத்தான் தடவிப் பார்ப்பேன். எதிரெதிராக இரண்டு தழும்பு இருந்தால் அது பூட்டு இருந்த இடம்.

வழிப்போக்கன்

பூட்டா? தண்ணீர்த் தொட்டிக்கு எதற்குப் பூட்டு, அக்கா? எதிர்ப்பக்கம் சுவரை ஒட்டி இருட்டாக இருந்தது, கவனிக்கவில்லை.

நார்ஃபோக் தமிழச்சி

சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் புதிதாகத் தண்ணீர் ஊற்றவில்லை. ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில் தொட்டித் தண்ணீரை மந்திரிப்பார்கள். பெந்தெகோஸ்தேக்கு முந்தின நாளும் செய்வார்கள். அந்தத் தண்ணீர் தொட்டியிலேயே கிடக்கும், பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் அதுதான். கல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் உட்புறம் ஈயத்தகடு அடித்திருப்பார்கள். அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். பழைய தண்ணீரைத் தெருவில் கொட்டக் கூடாது, அந்தத் துளை வழியாகக் கோயில் மண்ணுக்குள்ளேயே இறங்க வேண்டும்.

மந்திரித்த தண்ணீர் வருடம் முழுக்க திறந்து கிடந்தால் என்ன ஆகும்? நோய்க்கும் மாட்டுக்கும் பயிருக்கும் சூனியத்துக்கும் என்று ஆட்கள் மொண்டு கொண்டு போவார்கள். அந்தப் பயத்தில்தான் தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்ட வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கட்டளை போட்டார்கள். கேன்டர்பரி பேராயர் எட்மண்டின் பெயரில் 1236இல் வந்த விதிகளில் இது உண்டு. விளிம்பில் இரண்டு பக்கமும் துளை போட்டு, இரும்புக் கொண்டியை இறக்கி, ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்குவார்கள். தட்டையான மரமூடியின் மேல் குறுக்கே ஒரு கம்பி போகும். அது கொண்டிகளில் மாட்டிப் பூட்டப்படும்.

பின்னாளில் பூட்டு தேவையில்லை என்று ஆனபோது அந்தக் கொண்டிகளை நெம்பிப் பிடுங்கினார்கள். கொண்டியோடு கல்லும் பெயர்ந்து வந்தது. இரும்பு துருப்பிடித்து உப்பிக் கல்லைத் தானாகவே வெடிக்க வைத்ததும் உண்டு. நீங்கள் பார்த்த ஒட்டு வேலை பெரும்பாலும் அதுதான்.

உளிச்சத்தம்

அக்கா சொன்ன துரு விஷயத்தைக் கல் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகும். கல்லுக்குள் அதற்கு இடம் ஏது? விரிசல் விட்டு வெளிப்பக்கமாக ஒரு சில்லு கழன்று விழும். கோடரியால் அடித்த உடைசலில் அடி விழுந்த இடம் நசுங்கி வெள்ளையாக இருக்கும். துருவால் வெடித்தது அப்படி இருக்காது. துளையை மையமாக வைத்து விசிறி போல வழுவழுப்பாகப் பிரிந்திருக்கும், கூடவே செம்பழுப்புக் கறையும் இருக்கும். டார்ச் விளக்கை நேராகப் பிடிக்காதீர்கள். விளிம்போடு ஒட்டிப் படுக்க வைத்து அடியுங்கள். மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும்.

பாளையங்கோட்டையான்

அருமையான இழை. ஒரு சின்னக் குறிப்பு. "ஞானஸ்நானத் தொட்டி" என்பது எங்கள் சி.எஸ்.ஐ. வழக்கு. கத்தோலிக்க நண்பர்கள் "திருமுழுக்குத் தொட்டி" என்பார்கள். எங்கள் தாத்தா வீட்டில் இருந்த பழைய தமிழ் ஜெபப் புத்தகம் இங்கிலாந்து சபையின் புத்தகத்தை மொழிபெயர்த்ததுதான். அதில் குழந்தையைத் தண்ணீரில் அமிழ்த்துவது முதலாகவும், பலவீனமான குழந்தை என்றால் தண்ணீர் வார்ப்பது அதற்கு அடுத்ததாகவும் சொல்லியிருக்கும். நான் பார்த்தவரை எல்லாரும் நெற்றியில் ஊற்றுவதோடு சரி. பழைய தொட்டிகள் ஏன் இவ்வளவு அகலம் என்பது இப்போதுதான் புரிகிறது.

நார்ஃபோக் தமிழச்சி

ஆமாம் அண்ணா. 1549இல் வந்த முதல் ஆங்கில ஜெபப் புத்தகத்தில் மூன்று தடவை அமிழ்த்தச் சொல்கிறது. முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், மூன்றாவது முறை முகம் தொட்டியைப் பார்க்க. 1552 பதிப்பில் அது ஒரு தடவையாகக் குறைந்தது. அதே 1549 புத்தகத்தில்தான் தொட்டித் தண்ணீரை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்ற விதியும் வருகிறது. மாதக்கணக்கில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பழக்கம் அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. அதன் பிறகு பூட்டுக்கு என்ன வேலை?

சாம்பல்வானம்

சரி, பூட்டு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். புதிதாகத் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனாலும் பியூரிட்டன்கள் தொட்டிகளை விட்டுவைத்தார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நார்ஃபோக் தமிழச்சி

விட்டுவைத்தார்கள் என்று சொல்லவே மாட்டேன். எங்கள் நார்ஃபோக்கிலும் பக்கத்து சஃபோக்கிலும் "ஏழு அருட்சாதனத் தொட்டிகள்" என்று ஒரு வகை இருக்கிறது. நாற்பது போல மிஞ்சியிருக்கின்றன. இந்த இரண்டு மாவட்டத்துக்கு வெளியே கென்டின் ஃபார்னிங்ஹாம், சோமர்செட்டின் நெட்டில்கூம் போல ஒன்றிரண்டுதான். 15ஆம் நூற்றாண்டிலும் 16இன் தொடக்கத்திலும் செய்தவை. எட்டுப் பட்டையில் ஏழு பட்டைக்கு ஏழு காட்சி: திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, குருத்துவம், திருமணம், நோயில்பூசுதல். எட்டாவது பட்டையில் பெரும்பாலும் சிலுவைக் காட்சி அல்லது இயேசுவின் திருமுழுக்கு.

இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது திருமுழுக்குப் பட்டை. குரு ஒருவர் அம்மணக் குழந்தையை ஒரு தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். சுற்றி உறவுக்காரர்கள், ஒருவர் கையில் விரித்த புத்தகம். அந்தக் காட்சியில் செதுக்கியிருக்கும் குட்டித் தொட்டியும் பெரும்பாலும் இதே வடிவம்தான். தொட்டியின் மேல் தொட்டி. குழந்தையைத் தூக்கி வந்த தாய்க்கு, இங்கே என்ன நடக்கப்போகிறது என்று கல்லே காட்டிக்கொடுத்துவிடும். உறுதிப்பூசுதல் பட்டையிலும் பாருங்கள், பெரிய பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், கைக்குழந்தைகள்தான். அந்தக் காலத்தில் ஆயர் ஊருக்கு வந்தால் கைக்குழந்தைக்கும் உறுதிப்பூசுதல் கொடுத்துவிடுவார்.

இதற்கெல்லாம் கோடரி விழுந்தது. நார்ஃபோக்கின் லோடன் தொட்டியில் உருவங்களை மொத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். வெறும் நிழல் வடிவங்கள்தான் மிச்சம். முதல் தடவை பார்த்தபோது அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். முகத்தை மட்டும் குறிவைத்து அடித்த தொட்டிகளும் உண்டு. அந்த அடிகள் எல்லாம் 1640களில் விழுந்தவை என்றும் சொல்லிவிட முடியாது. ஏழு அருட்சாதனம் என்ற போதனையையே 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் விலக்கிவிட்டார்களே. 1640களுக்கு நூறு வருடம் முன்பே பல தொட்டிகள் அடி வாங்கியிருக்கலாம். சஃபோக்கின் வெஸ்ட்ஹாலில் பழைய வண்ணப்பூச்சு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாம் ஒரு காலத்தில் வண்ணத்தில் மின்னியவை என்பதற்கு அதுவே சாட்சி.

சாம்பல்வானம்

வில்லியம் டவுசிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1643, 1644இல் கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் கோயில்களில் படங்களையும் சிலைகளையும் அகற்ற அதிகாரம் பெற்று வந்தவர். எங்கே எதை உடைத்தார் என்று குறிப்பேடு எழுதி வைத்தார். சஃபோக்கின் அஃபோர்டுக்கு 1644இல் இரண்டு தடவை வந்தார். இரண்டாம் தடவை கோயிலைத் திறந்துவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கே தொட்டிக்கு மேல் சுமார் 18 அடி உயர மரமூடி ஒன்று இருக்கிறது. கோபுரம் கோபுரமாக ஏறி, உச்சியில் ஒரு கூழைக்கடா தன் மார்பைத் தானே கொத்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போப்பாண்டவரின் மூன்றடுக்கு மகுடம் மாதிரி இருக்கிறது, எல்லாம் பொன்முலாம் என்று குறிப்பு எழுதுகிறார் டவுசிங். மூடி இன்றும் அங்கேயே இருக்கிறது. பூட்டு வைப்பதற்காக வந்த தட்டை மூடி, இரு நூற்றாண்டில் இப்படி வளர்ந்து நிற்கிறது.

உளிச்சத்தம்

நான் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லட்டுமா? இந்த இழையில் சிற்பத்தைப் பற்றியே பேசுகிறோம், எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம்.

வின்செஸ்டர் பேராலயத்தில் ஒரு கறுப்புத் தொட்டி இருக்கிறது. புனித நிக்கோலாஸின் கதைகள் செதுக்கியது. அது இங்கிலாந்துக் கல் இல்லை. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் தூர்னேயிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் வந்தது. பளிங்கு என்பார்கள், உண்மையில் மெருகேறும் கருஞ்சுண்ணாம்புக்கல். இதே கல்லில் ஹாம்ப்ஷயரிலேயே இன்னும் மூன்று இருக்கின்றன: ஈஸ்ட் மியோன், செயின்ட் மேரி பார்ன், சவுத்தாம்டன் மிக்கேல் கோயில். லிங்கன் பேராலயத்திலும், தார்ன்டன் கர்டிஸிலும், இப்ஸ்விச் பேதுரு கோயிலிலும் உண்டு. இவ்வளவு கனத்தை ஆற்றிலும் கடலிலும் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்! சவுத்தாம்டனும், இப்ஸ்விச்சும், லிங்கனும் படகு எட்டும் தூரம்தான்.

இங்கிலாந்தின் சொந்த மெருகுக்கல் டார்செட்டின் பர்பெக் கல். அதில் செய்த தொட்டிகள் தென்கிழக்கில் எக்கச்சக்கம். சதுரமோ எட்டுப்பட்டையோ, பக்கங்களில் ஆழமில்லாத வளைவு வரிசை, கீழே நடுத்தூணும் சுற்றிச் சிறு தூண்களும். ஒன்றைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி என்று பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். கைக்குட்டையை நனைத்து விளிம்பில் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டதும் கல்லுக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கும் நத்தை ஓடுகள் எழுந்து வரும். நன்னீர் நத்தைகள். கல்லே அவற்றால் ஆனதுதான்.

நார்ஃபோக் தமிழச்சி

தம்பி, நனைத்துத் துடைக்கச் சொல்ல வேண்டாமே. ஆளாளுக்குத் துடைக்க ஆரம்பித்தால் கல்லுக்கு ஆகாது. பழைய வண்ணம் ஒட்டியிருக்கும் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

உளிச்சத்தம்

நியாயம் அக்கா. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாய்ந்த வெளிச்சத்திலேயே நத்தைகள் தெரியும், அது போதும்.

பாளையங்கோட்டையான்

வேறு பொருளாக இருந்து தொட்டியானவை உண்டா?

உளிச்சத்தம்

உண்டு! ஷ்ராப்ஷயரில் ராக்ஸிட்டர் என்ற ஊர், பழைய ரோமானிய நகரத்தின் மேல் இருக்கிறது. அங்கே ரோமானியத் தூணின் அடிக்கல்லைத் தலைகீழாக்கிக் குடைந்து தொட்டியாக்கியிருக்கிறார்கள். நார்தம்பர்லாந்தின் சாலர்டனில் ரோமானியப் பலிபீடமே தலைகீழாக நின்று தொட்டியாகியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது டார்செட்டின் மெல்பரி பப். சாக்ஸன் காலத்து (1066க்கு முந்தின) உருளைச் சிலுவைத் தூணின் ஒரு துண்டைக் கவிழ்த்துக் குடைந்திருக்கிறார்கள். அதில் பின்னிப் பிணைந்த மிருகங்கள் செதுக்கப்பட்டிருந்தன. கவிழ்த்ததால் எல்லா மிருகமும் தலைகீழ். கழுத்தைச் சாய்த்துக் கிட்டத்தட்ட குனிந்து பார்த்தால்தான் எது கால், எது கொம்பு என்று பிடிபடும். தூண் மேலே போகப் போகச் சிறுக்கும் என்பதால், கவிழ்த்தால் வாய் அகன்று தொட்டி வடிவம் தானாக வந்துவிடுகிறது. கையில் கல் இருக்கிறவன் யோசிக்கிற யோசனை அது.

செய்தவன் பேர் தெரிந்த தொட்டியும் ஒன்று உண்டு. கம்பிரியாவின் பிரைட்கர்க். 12ஆம் நூற்றாண்டிலும் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் ஆங்கிலம் எழுதியிருக்கிறார்கள். ரிக்கார்த் என்னைச் செய்தான், இந்த அழகுக்கு என்னைக் கொண்டுவந்தான் என்று தொட்டியே பேசுவதாக அமைந்த வரி. அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன மனிதன் கையில் சுத்தியும் உளியுமாகக் கொடியைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். தொழிலில் இருக்கிறவனுக்கு அதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும்.

வழிப்போக்கன்

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னொரு கேள்வி. நான் பார்த்த தொட்டிகள் எல்லாம் வாசல் பக்கம்தான் இருந்தன. அது விதியா?

சாம்பல்வானம்

விதிதான். திருச்சபைக்குள் நுழையும் வாசல் ஞானஸ்நானம் என்பதால் கோயில் வாசலருகே. இங்கிலாந்து சபையின் இன்றைய சட்டத்திலும் முதன்மை வாசலுக்கு முடிந்தவரை அருகே தொட்டி இருக்க வேண்டும் என்றே இருக்கிறது, வழக்கமோ ஆயரோ வேறு விதமாகச் சொன்னால் தவிர. ஆனால் எங்கள் ஊர்க்கோயிலில் இப்போது அதை முன்னால் நகர்த்தப் பேச்சு நடக்கிறது. நான் ஆதரிக்கிறேன். குழந்தையின் தாத்தா பாட்டி எல்லாரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் பார்க்க வேண்டியிருக்கிறது.

நார்ஃபோக் தமிழச்சி

இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். 1645இல் பாராளுமன்றம் கொண்டுவந்த வழிபாட்டு ஒழுங்கில் இதே வாதம்தான் இருந்தது. போப்பு மதக் காலத்தில் தொட்டிகளைத் தகாத இடத்தில் வைத்தார்கள், சபையார் பார்க்கும்படி முன்னால் ஞானஸ்நானம் கொடுங்கள் என்றது. பல ஊரில் தொட்டியைக் கழற்றி வெளியே போட்டார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் அவசர அவசரமாகப் புதுத் தொட்டி வைத்தார்கள். அதனால்தான் 1660களின் வருடம் வெட்டிய தொட்டிகளை இவ்வளவு பார்க்கிறோம். வெளியே போனவற்றில் எத்தனை மாட்டுக்குத் தண்ணீர் காட்டின! க்ளஸ்டர்ஷயரின் டியர்ஹர்ஸ்டில் இருக்கும் சுருள் கோலத் தொட்டி சாக்ஸன் காலத்தது. அதன் கிண்ணம் 19ஆம் நூற்றாண்டில் ஒரு பண்ணையிலிருந்து மீட்கப்பட்டது.

கல் தொட்டியை நகர்த்துவது நாற்காலி நகர்த்துவது மாதிரி இல்லை. அடியில் வடிகால் குழி இருக்கிறது, பழைய மேடை இருக்கிறது. தூக்கும்போது தண்டும் கிண்ணமும் பிரியும்.

சாம்பல்வானம்

புரிகிறது, ஆனால் முந்நூற்று எண்பது வருடத்துக்கு முந்தின சண்டையை வைத்து இன்று ஒரு கோயில் எப்படி வழிபட வேண்டும் என்று முடிவு செய்ய முடியாதே. கோயில் என்பது அருங்காட்சியகம் இல்லை. மறைமாவட்ட நீதிபதியிடம் முறைப்படி அனுமதி கேட்டு, கல் வேலை தெரிந்தவரை வைத்துத்தான் செய்வார்கள்.

உளிச்சத்தம்

தூக்குகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், பிரியாமல் தூக்கலாம். ஆனால் எட்டு நூறு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்த கல்லை எடுக்கச் சொன்னால் எனக்குக் கை வராது.

பாளையங்கோட்டையான்

நான் பார்த்த ஒரு கோயிலில் தொட்டிக்குள் பூச்சாடி வைத்திருந்தார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதே சட்டத்தில், கிண்ணம் ஞானஸ்நானத் தண்ணீருக்கு மட்டும்தான், வேறு எதற்கும் கூடாது என்று வெளிப்படையாக இருக்கிறது.

வழிப்போக்கன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போனேன். உளிச்சத்தம் அண்ணா சொன்னபடி டார்ச்சைப் படுக்க வைத்து, சுவர்ப்பக்க விளிம்பைப் பார்த்தேன். ஒட்டு வேலைக்கு நேர் எதிரே, கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு சதுரத் துளை. உள்ளே சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஈயம் அப்படியே இருக்கிறது. அதன் நடுவே அறுந்துபோன இரும்பின் முனை, துருவேறி, கல்லோடு கல்லாக. விரலை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அந்தப் பெரியவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "மூடி எங்கே போயிருக்கும்?" என்று கேட்டார்.